அறியாத மேலதிகாரியின் கீழ் அலுவல் பார்த்தல்



காரியாலயங்களிலே கடமையாற்றும் இருவர் பேருந்துத் தரிப்பிடத்திலோ தேநீர்க் கடையிலோ சந்தித்துக்கொண்டால், அவர்களுடைய உரையாடல் எங்கே தொடங்கினாலும் ஈற்றில் மேலதிகாரியிடத்திலே வந்து நிற்பது வழக்கம். “எங்கள் கந்தோரின் பெரியவருக்கு ஒன்றும் தெரியாது; எல்லாவற்றையும் நாங்களே இழுத்துக்கொண்டு போகிறோம்” என்பது அவ்வுரையாடலின் பல்லவியாக இருக்கும். கேட்பவரும் தலையசைப்பார், தம்முடைய கந்தோரின் கதையையும் எடுத்துரைப்பார். இருவரும் சிறிது நேரம் சிரித்துவிட்டுப் பிரிந்து செல்வர். மறுநாட் காலையில் அதே மேசை, அதே கோவைகள், அதே மேலதிகாரி. சிரிப்பினால் எதுவும் மாறியிருக்காது.

இந்தச் சிரிப்பிலே பங்குகொள்ள இயலாத ஒருவர் உளர். அவர் கந்தோரின் கருமபீடத்துக்கு அப்பால் நிற்பவர். ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அரசாங்க ஊழியராயிருந்து காலமான ஒருவரின் மனைவி, தமக்குரிய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் ஒருவிதமாகவும் விவாகப் பதிவில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. எந்தச் சுற்றுநிருபம் இதற்குப் பொருந்தும் என்று கந்தோரின் தலைவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அவருக்கு மனமில்லை. ஆகவே கோவையின்மீது “பின்னர் பார்க்கலாம்” என்று எழுதி வைத்துவிடுகிறார். இரண்டு மாதம், நான்கு மாதம், ஆறு மாதம் செல்கின்றன. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்காக அந்தத் தாய் காதிலிருந்த தோட்டை அடகு வைக்கிறார். கந்தோரிலோ இலிகிதர்கள் தேநீர் அருந்திக்கொண்டே பெரியவரைப் பற்றிச் சிரிக்கிறார்கள்.

திறமை குறைந்த மேலதிகாரியின் கீழ் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் இன்றைய பொருள், நமது மனநிம்மதியைப் பற்றிய பிரச்சினை மாத்திரமன்று என்பதை அந்தத் தாய் நமக்கு உணர்த்துகிறார். அவரை மனத்திலே வைத்துக்கொண்டே இவ்விடயத்தை ஆராய்வோம்.

முதலாவதாக ஒரு பாகுபாட்டைச் செய்துகொள்ளுதல் நன்று. நமக்குப் பிடிக்காத மேலதிகாரிகள் எல்லாரையும் திறமையற்றவர் என்று அழைத்துவிடுகிறோம். காலையில் எட்டரை மணிக்கு வரவுப் பதிவேட்டின் முன்னே நிற்பவர் கடுமையானவராக இருக்கலாம். அவர் திறமையற்றவர் அல்லர். பொதுப் பணத்திலே கைவைப்பவர் பெரும்பாலும் மிகுந்த திறமையுடையவர்; அவரிடம் இல்லாதது நேர்மை. கடுமையைப் பொறுத்துக்கொள்ளலாம், களவை உரிய இடத்தில் முறையிட வேண்டும். இவ்விரண்டினின்றும் வேறானது திறமையின்மை. தம்முடைய பதவி வேண்டி நிற்கும் தீர்மானங்களைச் செய்ய அறியாமையே அதன் இலக்கணம்.

அத்தகையோரைச் சில அடையாளங்களால் அறிந்துகொள்ளலாம். எந்தக் கோவை சென்றாலும் “கலந்துரையாடுக” என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கலந்துரையாடச் சென்றால் நேரமில்லை என்பார். கடைசியாக யார் அறைக்குள் வந்து போனாரோ அவருடைய கருத்தே தம் கருத்தாகக் கொள்வார். சிறிய விடயங்களிலே, அதாவது கடிதத்தின் ஓரத்தில் எத்தனை அங்குலம் இடம் விடுவது என்பது போன்றவற்றிலே, பெருங் கவனஞ் செலுத்துவார். பெரிய விடயம் வந்ததும் ஒரு குழுவை நியமிப்பார். காரியம் கெட்டுவிட்டால் கீழே உள்ளவரைக் கடிந்துகொள்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி.

இத்தகையவர் எப்படி அந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தார்? இக்கேள்விக்கு விடை தெரிந்தால் அவர்மீதுள்ள கோபத்தில் பாதி தணிந்துவிடும்.

கனடா தேசத்திலே வன்கூவர் நகரிற் பிறந்த லோரன்ஸ் பீற்றர் என்பவர் ஆசிரியத் தொழிலிலிருந்து கல்வியியற் பேராசிரியராக உயர்ந்தவர். அவர் றேமண்ட் ஹல் என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து 1969ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். ‘பீற்றர் கோட்பாடு’ என்று இன்று உலகெங்கும் வழங்குவது அந்நூலின் கருத்தே. அதனை நம் சொற்களிற் சுருக்கிக் கூறலாம். ஒருவர் ஒரு பதவியிலே நன்றாக வேலை செய்தால் அவருக்கு அடுத்த பதவி கிடைக்கிறது. அதிலும் நன்றாகச் செய்தால் அதற்கு மேலுள்ளது கிடைக்கிறது. இப்படியே ஏறிச்சென்று, தம்மால் நன்றாகச் செய்ய இயலாத ஒரு பதவியை அவர் அடைகிறார். அங்கே அவருக்கு மேலும் உயர்வு கிடைப்பதில்லை, இறக்குவாரும் இல்லை, ஆகவே அங்கேயே தங்கிவிடுகிறார். நூல் நகைச்சுவையாக எழுதப்பட்டது. பள்ளிக்கூட நிருவாகத்திலிருந்தே அவர் பல எடுத்துக்காட்டுகளைக் காட்டியிருப்பதால், அதிபராயிருக்கும் என்போன்றோர் அதைப் படிக்கும்போது சிரிப்போடு சிந்தனையும் சேர்ந்தே வருகிறது.

நகைச்சுவையாகக் கூறப்பட்ட இக்கருத்தை அமெரிக்கப் பொருளியலாளர் மூவர் பின்னர் அளந்து பார்த்தனர். நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களைப் பற்றிய தரவுகளைக்கொண்டு அவர்கள் செய்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அதிகமாக விற்றவருக்கே முகாமையாளர் பதவி கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. ஆனால் மிகச் சிறந்த விற்பனையாளராயிருந்து முகாமையாளரானோரின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குன்றியதையும் அவ்வாய்வு காட்டிற்று. விற்கும் திறமை ஒன்று. விற்போரை வழிநடத்தும் திறமை மற்றொன்று.

நம் நாட்டு அரசாங்க சேவையை எடுத்துக்கொண்டாலும் இதே நிலையைக் காணலாம். பிரித்தானியக் குடியியற் சேவையைச் சீர்திருத்தும்பொருட்டு 1854ஆம் ஆண்டில் நோத்கோட், திரெவெலியன் என்னும் இருவர் சமர்ப்பித்த அறிக்கை, போட்டிப் பரீட்சையால் ஆளெடுக்க வேண்டும் என்றும், சேவைக்காலத்தைப் பார்த்து அல்லாமல் தகுதியைப் பார்த்தே உயர்த்த வேண்டும் என்றும் கூறியது. அந்த மரபின் வழியே இங்கு நிலவிய இலங்கைக் குடியியற் சேவை 1963 மே 1ஆந் திகதி நீக்கப்பட்டு, நிருவாக சேவை அதன் இடத்துக்கு வந்தது. பெயர்கள் மாறின. ஆயினும் பதவியுயர்வென்று வரும்போது சேவைமூப்பு என்னும் அளவுகோலுக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. மூப்பை எண்ணிப் பார்க்கலாம், தகுதியை எண்ணிப் பார்ப்பது கடினம். செல்வாக்குள்ளவர் முந்திக்கொள்வதை மூப்பு ஓரளவு தடுக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகள் கணக்குப் பிரிவிலே பிழையின்றி உழைத்த ஒருவருக்கு, நாற்பது பேரை ஒருங்கே நடத்தும் ஆற்றல் அந்த இருபது ஆண்டுகளால் தானாக வந்துவிடுவதில்லை. சிறந்த கணித ஆசிரியர் ஒருவர் அதிபராகிறார். மறுநாளே கூரைத் திருத்தம், பெற்றார் முறைப்பாடு, நேரசூசி, கொள்வனவு எல்லாம் அவர் தலைமேல் விழுகின்றன. அவற்றை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஆகவே உங்கள் மேலதிகாரி பெரும்பாலும் உங்களுக்கு எதிரி அல்லர். நேற்றுவரை தாம் நன்கு செய்த வேலையை இழந்து, இன்று தமக்குத் தெரியாத வேலையிலே அமர்த்தப்பட்டிருக்கும் ஒருவர். தமக்குத் தெரியவில்லை என்பதைப் பிறர் கண்டுகொள்வார்களோ என்னும் அச்சம் நாள்முழுதும் அவரை வாட்டுகிறது. அவர் கோவையைத் தள்ளிவைப்பதும் குரலை உயர்த்துவதும் அவ்வச்சத்தினாலேயே. இதை விளங்கிக்கொள்ளுதல் அவரை மன்னித்துவிடுவதாகாது. நோயின் காரணம் தெரிந்தால் மருந்து தேடுவது எளிது.

இனி, இந்நிலையிலே கீழுள்ளவர்கள் வழக்கமாகக் கையாளும் வழிகள் மூன்றைப் பார்ப்போம். மூன்றும் தீமையிலேயே முடிகின்றன.

முதலாவது ஏளனம். திருக்குறளில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்றொரு அதிகாரம் உண்டு. பெரியவர் முன்னிலையிலே பிறர் காதோடு இரகசியம் பேசுதலும், பிறரைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தலும் விலக்கத்தக்கவை என்று அங்கே வள்ளுவர் கூறுகிறார். இதனை வெறும் மரியாதை விதியென்று நாம் கொள்ள வேண்டியதில்லை. தாம் ஏளனஞ் செய்யப்படுவதை அறிந்த மேலதிகாரி எவரிடமும் ஐயங் கேட்கமாட்டார். கற்றுக்கொள்ளும் வாயில் அவருக்கு அடைபடுகிறது. நாமே அதை அடைக்கிறோம்.

இரண்டாவது, வாய்மூடிக் கீழ்ப்படிதல். “சொன்னதைச் செய்தேன், பிழையானால் அவர் பாடு” என்பது இவ்வழியினரின் நியாயம். இது பணிவைப் போலத் தோற்றுகிறது. ஆழ்ந்து நோக்கினால், மேலதிகாரி குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே இது. அவரோடு அந்த விதவைத் தாயும் குழியிலே விழுகிறார்.

மூன்றாவது, அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொள்ளுதல். திறமையும் துடிப்புமுள்ள இளைஞர்க்கு இவ்வழி பிடித்தமானது. மேலதிகாரிக்குத் தெரியாமல் தீர்மானித்து, கையொப்பத்தை மாத்திரம் வாங்கிக்கொள்வர். தொடக்கத்தில் அலுவல் விரைவாக நடக்கும். ஒருநாள் ஒன்று பிழைத்துவிட்டால், தீர்மானித்தவருக்கு அதிகாரமில்லை. அதிகாரமுடையவருக்கு விடயம் தெரியாது. பொறுப்பேற்பதற்கு ஒருவருமில்லாத கந்தோராக அது ஆகிவிடும். தலை இருக்க வால் ஆடலாமா என்று நம் முன்னோர் கேட்டது இதனை எண்ணித்தான் போலும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது?

நம் கைக்குள் அடங்கிய எல்லையை முதலிலே ஒழுங்குசெய்தல் வேண்டும். மேலதிகாரியின் மேசையை ஆள நம்மால் முடியாது. நமது மேசையை ஆளலாம். பின்னாளிலே ஆங்கில இலக்கிய உலகிற் புகழ்பெற்ற லெனாட் வூல்வ் 1904இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிலே 1911 வரை குடியியற் சேவையில் உழைத்தவர். வந்த கடிதத்துக்கு வந்த அன்றைக்கே மறுமொழி எழுத வேண்டும் என்பதைத் தாம் ஒரு விதியாகக் கைக்கொண்டதை 1961இல் வெளிவந்த தம் நினைவு நூலிலே அவர் எழுதியிருக்கிறார். இன்று ஒரு கந்தோருக்கு வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் அன்றைக்கே மறுமொழி எழுதுதல் இயலாதிருக்கலாம். ஆனால் எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, யாருடைய தீர்மானத்துக்காகக் காத்திருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் அட்டவணையை எந்த இலிகிதரும் வைத்திருக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. மேலதிகாரி தடுமாறும் கந்தோரிலே இவ்வட்டவணை பெருந் துணையாகும்.

அடுத்தபடியாக, தீர்மானஞ் செய்தலை அவருக்கு எளிதாக்கிக் கொடுத்தல் வேண்டும். நமது உதாரணத்திலே அந்தக் கோவை ஏன் ஆறு மாதம் தங்கிற்று என்று சிந்தித்துப் பாருங்கள். முப்பது தாள்கள் கொண்ட கோவையை “தீர்மானத்துக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது” என்னும் ஒற்றை வரியோடு இலிகிதர் மேலே அனுப்பிவைத்தார். முப்பது தாள்களையும் படித்து, பொருத்தமான விதியைத் தேடிக் கண்டு, அதன்படி முடிவெடுக்கும் ஆற்றல் அந்த மேலதிகாரியிடம் இல்லை. அதே கோவையின்மீது, ஒரு பக்கத்துக்கு மேற்படாத ஒரு குறிப்பை இலிகிதர் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விடயம் இது, இதற்குரிய சுற்றுநிருபம் இது, பிரதி இத்துடன் உளது, செய்யக்கூடியவை இரண்டு, அவற்றுள் இதனைச் செய்தல் தகும், காரணம் இது, சம்மதமாயின் கடித வரைவு கையொப்பத்துக்காக இணைக்கப்பட்டுள்ளது. இவ்வளவே. அறிவுள்ள மேலதிகாரிக்கு இக்குறிப்பு நேரத்தை மிச்சப்படுத்தும். அறியாத மேலதிகாரிக்கோ, கற்றுக்கொள்கிறோம் என்ற உணர்வின்றியே கற்றுக்கொள்வதற்கு ஒரு பாடமாக அமையும். பத்துக் குறிப்புகளைப் படித்தவர் பதினொன்றாவதைத் தாமே எழுதக்கூடியவராகலாம். ஆசிரியத் தொழிலிலே நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: வயதுவந்தவர்களுக்குக் கற்பிப்பதானால், கற்பிக்கிறோம் என்பதை அவர்கள் அறியாதபடி கற்பிப்பதே மேல்.

குறிப்பு எழுதியும் பிழையான கட்டளை வந்தால் என்ன செய்வது? அப்பொழுது சொல்ல வேண்டும். திருக்குறளில் ‘அமைச்சு’ என்னும் அதிகாரம் இவ்விடயத்தை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. தானும் அறியாமல், அறிந்தவர் கூறுவதையும் தள்ளிவிடும் அரசனாக இருந்தாலும், பக்கத்திலிருக்கும் அமைச்சன் நன்மையானதை எடுத்துரைத்தல் கடமை என்பது அதிகாரத்தின் எட்டாங் குறளின் கருத்து. சொல்லாது விட்டால் அரசனுக்கு வரும் கேட்டின் பழியை உலகம் அமைச்சன்மேலே ஏற்றும் என்று பரிமேலழகர் அதற்குக் காரணங் காட்டுவார். வள்ளுவர் ‘திறமையுள்ள அரசனிடம் சொல்’ என்று கூறி நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அறியாதவனிடமும் சொல் என்றார். கேட்பான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டாலும் சொல்லும் பொறுப்பு நீங்குவதில்லை.

சொல்லுதல் எப்படி என்பதிலே நம் காலத்தவர் பெருவிலை கொடுத்துப் பாடங் கற்றிருக்கிறார்கள். 1978 டிசம்பர் 28ஆந் திகதி அமெரிக்காவின் போட்லண்ட் நகரை நோக்கி 189 பேருடன் ஒரு விமானம் சென்றுகொண்டிருந்தது. இறங்குவதற்காகச் சில்லுகளை வெளியே விடுத்தபோது ஏதோ பழுது நேர்ந்த அறிகுறி தென்பட்டது. தலைமை விமானி நீண்ட அனுபவமுடையவர். திறமையற்றவர் என்று எவரும் கூறமுடியாது. அவர் சில்லுகளைப் பற்றியும், பயணிகளை ஆயத்தப்படுத்துவதைப் பற்றியும் ஆலோசித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நகரைச் சுற்றிவந்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடனிருந்த துணை விமானியும் பொறியியலாளரும் எரிபொருளைப் பற்றிப் பேசாமலில்லை. ஆனால் இப்பொழுதே இறங்காவிட்டால் ஆபத்து என்று உறுதியாக எடுத்துரைக்கவில்லை. ஈற்றில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோக, விமானம் நகரின் புறத்தே வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். தலைமை விமானி எரிபொருளைக் கவனிக்கத் தவறினார் என்று தீர்ப்புக் கூறிய விசாரணைச் சபை, ஏனைய இருவரும் நிலைமையின் கடுமையை முற்றாக உணரவோ, தம் கவலையை அவருக்கு உணர்த்தவோ தவறினர் என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக்காட்டிற்று.

அதன்பின், 1981 முதல் அந்த விமானக் கம்பனி தன் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியை அளிக்கத் தொடங்கிற்று. இன்று உலகெங்கும் விமானிகள் அத்தகைய பயிற்சியைப் பெறுகிறார்கள். தலைவர் கேட்கக் கற்கிறார். கீழுள்ளவர் சொல்லக் கற்கிறார். அதிலே கற்பிக்கப்படும் ஒரு முறை நம் கந்தோர்களுக்கும் மிகப் பொருந்தும். முதலில் தலைவரை உரிய முறையில் விளித்து அவர் கவனத்தைப் பெறுதல். தம் கவலையைத் தம்முடைய கவலையாகவே கூறுதல். பிரச்சினை இன்னது என்று உள்ளபடி கூறுதல். செய்யத்தக்க வழி ஒன்றைக் காட்டுதல். ஈற்றில் அவருடைய சம்மதத்தைக் கேட்டல். இவை ஐந்தே படிகள்.

நமது இலிகிதர் இம்முறையைக் கையாண்டால் இவ்வாறு பேசக்கூடும்: “ஐயா, ஒரு நிமிடம். இந்த ஓய்வூதியக் கோவையைப் பற்றி எனக்குக் கவலையாயிருக்கிறது. ஆறு மாதமாக அந்த அம்மாவுக்கு ஒரு மறுமொழியும் போகவில்லை. பெயர் வேறுபாட்டை விளக்கி ஒரு சத்தியக்கடதாசி தரும்படி இன்றைக்கே எழுதிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கடித வரைவு கொண்டுவந்திருக்கிறேன். ஐயா என்ன சொல்கிறீர்கள்?” இதிலே குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றுமில்லை. மழுப்பலும் இல்லை. ஆம் என்றோ இல்லை என்றோ கூறாமல் அம்மேலதிகாரி எழுந்து போதல் கடினம். இதனைப் பிறர் இல்லாத வேளையிலே கூறுதல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கூட்டத்தின் நடுவே திருத்தப்பட்ட மனிதர் திருந்துவதில்லை. பகை கொள்வதே வழக்கம்.

வாயாற் சொன்னது காற்றோடு போகலாம். ஆகையால் முக்கியமானவற்றைக் கோவையிலே எழுதிவைத்தல் வேண்டும். பொதுப் பணத்தைக் கையாளும் அலுவல்களிலே இது இன்னும் அவசியம். நமது நிதிப் பிரமாணங்கள் அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், பணஞ் செலுத்துதல் என்று ஒரு கொடுப்பனவை நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருப்பதன் நோக்கமே, ஒருவருடைய பிழையை மற்றொருவர் தடுக்கவேண்டும் என்பதுதான். அத்தாட்சிப்படுத்துபவரின் கையொப்பம் அவருடைய சொந்தப் பொறுப்பு. “பெரியவர் போடச் சொன்னார், போட்டேன்” என்பது கணக்காய்வாளர் முன்னிலையிலே செல்லுபடியாகாது. விதிக்கு மாறான கட்டளை வாய்மொழியாக வந்தால், “இன்ன விதிக்கு இது மாறுபடுகின்றதெனத் தோன்றுகிறது, தயவுசெய்து எழுத்து மூலம் பணிப்புரை வழங்கவும்” என்று ஒரு குறிப்பை மேலே அனுப்பலாம். அநேக தவறான கட்டளைகள் இக்குறிப்பைக் கண்டவுடன் தாமாகவே மறைந்துவிடும்.

இக்காலத்திலே இதற்கு வேறொரு பயனும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, குறிப்புகள், அபிப்பிராயங்கள், ஆலோசனைகள் என்பனவும் பொதுமக்கள் கேட்டுப் பெறத்தக்க தகவல்களுள் அடங்குகின்றன. சட்டம் குறிப்பிடும் சில விலக்குகள் நீங்கலாக, கோவையினுள்ளே நாம் எழுதுவது நாளை அந்தத் தாயின் கண்ணுக்கும் படலாம். அவர் படித்தால் நாணாதபடி எழுதுவோம்.

அடுத்து, இடைவெளியைப் பற்றி ஒரு சொல். நெருப்பிலே குளிர்காய்பவர் மிக அணுகாமலும் மிக அகலாமலும் இருப்பதுபோல மன்னரைச் சார்ந்து வாழ்பவர் இருக்கவேண்டும் என்று முன்னர்க் கூறிய அதிகாரத்திலே வள்ளுவர் தொடங்குகிறார். அறியாத மேலதிகாரியின் விடயத்திலும் இவ்வுவமை பொருத்தமானது. அவர் உங்களையே முழுதும் நம்பத் தொடங்கினால் அது முதலிற் பெருமையாகத் தோன்றும். நாளடைவில் நீங்களின்றி அவரும், அவரின்றி நீங்களும் இயங்க முடியாத நிலை வரும். ஏனைய ஊழியர்கள் உங்களை ஐயத்தோடு பார்ப்பர். உதவியை எல்லாரும் காணத்தக்க வழியிலே செய்யுங்கள். விடயத்தை அறிந்த மற்றவர்களையும் அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வளவுஞ் செய்தும் பயனில்லையாயின்? அப்பொழுது அவருக்கு மேலே செல்லும் வழி உண்டு. அது மறைவான வழியாக இருத்தல் ஆகாது. பெயரில்லாத மொட்டைக் கடிதங்கள் நம் நாட்டுக் கந்தோர்களுக்கு ஒரு சாபக்கேடு. எழுதியவர் தம்மை மறைத்துக்கொள்வதால் அதில் உள்ள உண்மையும் மறைந்துபோகிறது. தாபன விதிக்கோவை காட்டும் முறைப்படி, உடனடித் தலைவரூடாகவே மேலிடத்துக்கு எழுதலாம். தம் பதவி தொடர்பாக அநீதி இழைக்கப்பட்டால் அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். அவ்வாணைக்குழுவின் தீர்மானத்தையும் ஏற்க இயலாதபோது, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது. ஆயினும் இவ்வழிகள் நேரமும் பொறுமையும் வேண்டுபவை. திகதியும் விடயமும் குறித்த பதிவுகள் இல்லாதவர் அங்கே சென்று நிற்பதாற் பயனில்லை. மேலே கூறிய அட்டவணையும் குறிப்புகளும் அப்பொழுது கைகொடுக்கும்.

சிலருக்கு இடமாற்றங் கேட்பதே சரியான முடிவாகலாம். இரவிலே உறக்கமின்றி, வீட்டாரிடம் எரிந்து விழுந்து, உடல்நலங் கெடும் அளவுக்கு ஒரு கதிரை பெறுமதி வாய்ந்ததன்று. ஆனால் புறப்படுமுன் உங்கள் கோவைகளை ஒழுங்குசெய்து, அடுத்து வருபவருக்கு விளங்கும்படி ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் புறப்படுங்கள். மேலதிகாரிமேல் உள்ள வெறுப்பை அடுத்து வருபவர்மேலும் அந்தத் தாயின்மேலும் இறக்கி வைத்துவிட்டுப் போவது நியாயமன்று.

இறுதியாக, இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பாடசாலையின் பொறுப்பிலே இருப்பவன் என்ற முறையில் உங்கள் நிலை எனக்குத் தெரியும். “இது எனக்குத் தெரியாது, நீங்கள் விளக்கிச் சொல்லுங்கள்” என்னும் வசனம் நாவில் எழுவது அரிது. அதனைக் கூறுவதாற் பதவியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். கந்தோரிலே எல்லாருக்கும் அது முன்னரே தெரியும். நாம் ஒருவரே மறைத்துக்கொண்டிருப்பதாக எண்ணுகிறோம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் தலைவரைக் கீழுள்ளோர் கைவிடுவதில்லை.

இன்று இலிகிதராயிருப்பவர் நாளை பிரதம இலிகிதராவார். பின்னர் ஒரு பிரிவின் தலைவராவார். பீற்றர் கூறிய படிக்கட்டு அவருக்கும் போடப்பட்டிருக்கிறது. ஆகவே மேலதிகாரியின் குறையைக் காணும்போதெல்லாம், அந்தக் கதிரை எவற்றை வேண்டி நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அவற்றை இன்றே கற்கத் தொடங்குதல் நன்று. சுற்றுநிருபங்களைப் படியுங்கள். உங்கள் பிரிவுக்கு அப்பாலுள்ள வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். மனிதரோடு பேசப் பழகுங்கள். கதிரை வருமுன்னே அறிவு வந்திருக்கட்டும்.

அதுவரையில், நாளைக் காலையில் கந்தோருக்குச் சென்றதும் ஒரு சிறு காரியத்தைச் செய்யும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். பெரியவரின் மேசையிலே நீண்டகாலமாகத் தங்கியிருக்கும் கோவை ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பக்கக் குறிப்பும் ஒரு கடித வரைவும் எழுதி எடுத்துக்கொண்டு, அவருடைய அறைக்குச் செல்லுங்கள். அக்கோவையின் முடிவுக்காக எங்கோ ஒரு வீட்டிலே ஒருவர் காத்திருக்கிறார்.